தீவனக் கரப்பான்: பெருக்கம் பிறகு, தப்பினால் என்ன ஆகும் என்பது முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப் பல்லிகளுக்கும் தவளைகளுக்கும் வீட்டிலேயே தீவனப் பூச்சி வளர்ப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். சில்வண்டைவிடக் கரப்பான் மேல் என்று அதில் சொல்லியிருப்பதை முழு மனதோடு ஏற்கிறோம். கரப்பான் இரவெல்லாம் கத்தாது. ஒரு நாள் தண்ணீர் வைக்க மறந்தாலும் பெட்டியோடு செத்துக் கிடக்காது. வாங்கிவந்தது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால், வேகமாகப் பெருகும் இனமே நல்ல இனம் என்று பொருள்படக் கட்டுரை முடிந்திருப்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் அதை நம்பி வாங்கினால், அவருக்கு வாய்க்கும் இனம் பெரும்பாலும் பெட்டியை விட்டு வீட்டுக்குள் குடியேறும் இனமாகவே இருக்கும்.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியவை மூன்று. வழுவழுப்பான சுவரில் ஏறுமா? முட்டைப்பையை வெளியே போடுமா, குஞ்சாகவே ஈனுமா? தப்பித்த ஒன்றிரண்டு பூச்சி, நாம் வாழும் வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகப் பிழைத்துப் பெருகுமா? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு பெருகும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறுவதும் ஏறாததும் பாதத்தின் அமைப்பைப் பொறுத்தது. சில இனங்களின் கால்நுனியில், இரண்டு நகங்களுக்கும் நடுவே ஒட்டும் மெத்தை போன்ற பகுதி நன்றாக வளர்ந்திருக்கும். அவை கண்ணாடியில் செங்குத்தாக நடக்கும். மெத்தை வளராத இனங்களுக்கு நகம் மாட்ட ஒரு சொரசொரப்பு வேண்டும். பளபளப்பான பிளாஸ்டிக் சுவர் அவற்றுக்குத் தாண்ட முடியாத மதில். ஆனால் அந்த மதில் சுத்தமாக இருக்கும்வரைதான் மதில். காய்ந்த எச்சத்தின் படலம், தண்ணீர்க்கறை, கண்ணாடித் தொட்டி மூலைகளில் பூசிய சிலிகான் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு ‘ஏறாத’ இனமும் ஏறிவிடும். அதனால்தான் மீன்தொட்டியைவிட மூலை வளைந்த பிளாஸ்டிக் பெட்டியே மேல் என்கிறோம்.

இந்த மூன்று கேள்விகளிலும் தேறி நிற்பது டூபியா. அறிவியல் பெயர் பிளாப்டிகா டூபியா; தென்னமெரிக்க இனம். வளர்ந்த பூச்சி 4 முதல் 4.5 சென்டிமீட்டர். ஆணுக்கு முழுச் சிறகு உண்டு, ஆனால் பறப்பது அரிது. பெண்ணுக்குச் சிறகின் அடிக்கட்டை மட்டும் இருக்கும். முட்டைப்பையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, ஒரு ஈற்றில் 20 முதல் 30 குஞ்சுகள்வரை போடும். குஞ்சு முதிர 4 முதல் 6 மாதம் ஆகும். வளர்ப்போர் பலர் குறையாகச் சொல்லும் இந்த நிதானம்தான் அதன் பாதுகாப்பும். பெருக்கத்துக்குச் சூடு வேண்டும். 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டால் ஈற்று மந்தமாகிவிடும். அந்தச் சூடு இல்லாத வீட்டில், அலமாரிக்கு அடியில் விழுந்த ஒரு பெண் பூச்சி அங்கே குடும்பம் நடத்துவது கடினம்.

டூபியாவின் உண்மையான குறை வேறு. அது பதுங்கும். அசைவு தெரிந்தால் உறைந்துபோய்க் கிடக்கும், அல்லது மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். அசைவதை மட்டுமே இரையாக அறியும் தவளைக்கும் பச்சோந்திக்கும் அது ஒரு கல். அவற்றுக்கு மண் இல்லாத, சுவர் வழுவழுப்பான ஆழக் கிண்ணத்தில் விட வேண்டும், அல்லது இடுக்கியில் பிடித்து அசைத்துக் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் கூண்டுக்குள் கொட்டிவிட்டு, ‘என் பல்லிக்குக் கரப்பான் பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

டூபியா கிடைக்காத இடத்தில் டிஸ்காய்ட் இனம் நல்ல மாற்று. பிளாபெரஸ் டிஸ்காய்டாலிஸ் என்பது முழுப்பெயர். இதுவும் ஏறாது, குஞ்சாகவே ஈனும், அளவும் ஏறத்தாழ அதே. சற்றுக் கூடுதல் ஈரம் கேட்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டூபியாவுக்கு அனுமதி இல்லை, டிஸ்காய்டுக்கு உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே விதி இல்லை என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறோம். பூச்சியைத் தருவிக்கும் முன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

இனி, விரைவுக்காகப் பலரும் நாடும் ரெட் ரன்னர். துர்க்கிஸ்தான் கரப்பான் என்றும் சொல்வார்கள். ஷெல்ஃபோர்டெல்லா லாடராலிஸ் என்ற பெயரிலேயே இன்னும் விற்கிறார்கள். வகைப்பாட்டாளர்கள் இப்போது பெரிபிளானெட்டா பேரினத்தில் சேர்க்கிறார்கள். நம் வீட்டுக் குளியலறையில் ஓடும் அமெரிக்கக் கரப்பானின் பேரினம் அது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், மெல்லிய உடல், ஓட்டமே ஓட்டம். அடம்பிடிக்கும் பல்லியைச் சாப்பிட வைக்க அதன் ஓட்டத்துக்கு ஈடில்லை. வழுவழுப்பான சுவரில் ஏறவும் ஏறாது. பிறகு என்ன குறை என்று கேட்கலாம். குறை முட்டைப்பையில் இருக்கிறது. பெண் பூச்சி, ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 முட்டைகள் கொண்ட பைகளை வரிசையாக வெளியே போட்டுக்கொண்டே இருக்கும். கருஞ்சிவப்பான அந்தப் பைகள் எச்சத்தோடு கலந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. சுத்தம் செய்கிறோம் என்று எச்சத்தை அள்ளித் தோட்டத்தில் கொட்டுகிறவர், தன் கையாலேயே தோட்டத்தில் விதைக்கிறார்.

இது வெறும் அச்சம் இல்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து மத்திய ஆசியாவரை உள்ள வறண்ட நிலத்தின் இந்த இனம் 1978-இல் கலிபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில் கண்டறியப்பட்டது. பிறகு அமெரிக்காவின் தென்மேற்கில் பரவி, அங்கே வெளிப்புறங்களில் வாழ்ந்த கீழைத்தேயக் கரப்பானைப் பல இடங்களில் இடம்பெயர வைத்துவிட்டது. கிடங்குக்கு அதைக் கொண்டுவந்தது தீவன வளர்ப்பு அல்ல. ஆனாலும், வெளியே விட்டால் இந்த இனம் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் வறண்ட ஊரில் இருப்பவர் ரெட் ரன்னரை வளர்க்காமல் இருப்பதே நல்லது. குளிர்நாட்டில், பூட்டிய அறையில், எச்சத்தை முறையாக அழிக்கிறவர் வளர்க்கலாம்.

லாப்ஸ்டர் கரப்பான், அதாவது நாஃபீட்டா சினீரியா, குஞ்சு ஈனும் இனம். முதிர 2 முதல் 3 மாதம் போதும். 2.5 முதல் 3 சென்டிமீட்டர் என்பதால் நடுத்தரப் பல்லிக்கு அளவான இரை. ஆனால் கண்ணாடியில் ஓடும். வெப்பமண்டல ஊர்கள் பலவற்றில் ஏற்கெனவே வெளியில் நிலைத்துவிட்ட இனமும்கூட. பெட்டி மூடியைத் திறந்த நொடியில் பத்துப் பூச்சி விளிம்புக்கு வந்துவிடும். விளிம்பை ஒட்டி உட்புறம் 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசினால் நிறுத்தலாம். ஆனால் தூசி படிந்தாலோ, சூட்டில் இளகி வழிந்தாலோ அந்த வேலி போய்விடும். வாரம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துத் திரும்பப் பூச வேண்டும். அந்த ஒழுங்கு முடியாதென்றால் இந்த இனம் வேண்டாம்.

மடகாஸ்கர் சீறும் கரப்பானும் ஏறும். ஆனால் சிறகில்லை, நிதானமானது, மெதுவாகத்தான் பெருகும். வளர்ந்தது 5 முதல் 7.5 சென்டிமீட்டர் இருக்கும், ஓடு கெட்டி. பெரிய பல்லிகளுக்கும் முள்ளெலிக்கும் அதன் இளம்பூச்சிகளைக் கொடுக்கலாம். மற்றபடி அது தீவனத்தைவிடச் செல்லமாக வளர்க்கவே ஏற்றது.

வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்வது சூரினாம் கரப்பானை. பிக்னோஸ்கெலஸ் சூரினாமென்சிஸ். மண்ணுக்குள் வாழும் சிறிய பூச்சி. சிறு தவளைகளுக்கு நல்லது என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். உலகெங்கும் பரவியுள்ள இதன் கூட்டங்களில் ஆணே தேவையில்லை. பெண் தனியாகவே குஞ்சு ஈனும். ஒரே ஒரு குஞ்சு பூந்தொட்டி மண்ணில் போய்ச் சேர்ந்தால் போதும், ஒரு கூட்டம் உருவாகிவிடும். பசுங்குடில்களில் செடியின் வேரையும் தண்டையும் கடித்துச் சேதப்படுத்துவது பழைய கதை. இன்னொன்று: கோழிகளின் கண்ணில் வாழும் ஆக்சிஸ்பைரூரா மான்சோனி என்ற புழுவுக்கு இடைநிலைப் புகலிடமும் (அதன் இளம்பருவம் வளரும் உயிரும்) இந்தப் பூச்சிதான். பறவை வளர்க்கும் வீட்டில் இதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

வீட்டில் பிடித்த கரப்பானைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கரப்பான் ஜெல் மருந்து மெதுவாகக் கொல்லும்படி தயாரிக்கப்படுவது. அதைத் தின்ற பூச்சி நல்லபடியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நஞ்சு உங்கள் பல்லியின் வயிற்றுக்குப் போகும். சாக்கடையில் திரிந்த பூச்சி சால்மோனெல்லா கிருமியையும் சுமந்துவரும். தெரிந்த இடத்தில் வளர்ந்த பூச்சிதான் தீவனம்.

இனம் முடிவானதும் எண்ணிக்கைக் கணக்கு. டூபியாவை வைத்துச் சொல்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 6 பூச்சி தின்னும் ஒரு பல்லிக்கு மாதம் 90 வேண்டும். 30 டிகிரியில் ஒரு பெண் இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை ஈனும். 30 பெண்கள் தலைக்கு 25 குஞ்சு வீதம் ஈன்றால் மாதத்துக்கு 300-க்குக் குறையாது. அதில் பாதி சேதம் என்று வைத்தாலும் 150 மிஞ்சும். ஆகவே 30 பெண்ணும் 8 முதல் 10 ஆணும் ஒரு பல்லிக்குத் தாராளம். ஆண்கள் அதற்கு மேல் இருந்தால் பெண்களை ஓயவிடாது. உபரி ஆண்களையே முதலில் தீவனமாக்குங்கள். பெண்களை எடுக்க வேண்டாம். வாங்கும்போது முதிர்ந்ததாகப் பார்த்து வாங்காதீர்கள், அதன் வயது யாருக்கும் தெரியாது. கடைசித் தோலுரிப்புக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும் பெரிய குஞ்சுகளாக வாங்கினால் ஈனும் காலம் முழுவதும் உங்கள் வீட்டிலேயே கழியும். முதல் 5, 6 மாதம் கூட்டத்தில் கைவைக்காமல் இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு நிற்கும். அதுவரை தீவனத்தை வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டி 50, 60 லிட்டர் கொள்ளளவில், ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும். மூடியில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு துளை வெட்டி, 1 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலையை ஒட்டுங்கள். நைலான் வலையைப் பூச்சி கடித்துத் துளைத்துவிடும். உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கையாக வைத்தால் எச்சம் குழிகளில் தேங்கி ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். நிறுத்தி வைத்தால் கீழே உதிர்ந்துவிடும். டூபியாவுக்கு மண் தேவையில்லை.

சூட்டுக்கு ஹீட் மேட்டை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை, பெட்டியின் வெளிப்பக்கம், ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பாதியில் ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு கட்டாயம் இணையுங்கள். உணரியை உள்ளே, மேட் ஒட்டிய சுவரைத் தொட்டபடி வையுங்கள். அதை நடுவில் காற்றில் தொங்கவிட்டால், காற்று சூடேறும்வரை மேட் ஓயாமல் எரிந்து சுவரோரம் இருக்கும் பூச்சிகள் வெந்துபோகும். பெட்டியின் ஒரு முனை 32, மறுமுனை 26 என்று சரிவாக இருந்தால் பூச்சி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், குஞ்சுகள் மூழ்கிச் சாகும். கேரட் துண்டு, ஆரஞ்சுச் சுளை, அல்லது தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஜெல் மணிகள் போதும். உலர்தீனியாக ஓட்ஸ், கோதுமைத் தவிடு, கொஞ்சம் பயறு மாவு என்று அரைத்து, மொத்தத்தில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி பாருங்கள். பூனைத் தீனியையும் நாய்த் தீனியையும் அன்றாடம் போட்டு ‘சத்து ஏற்றும்’ வழக்கத்தைக் கைவிட வேண்டும். கரப்பான் தன் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை வெளியே தள்ளாமல் யூரிக் அமிலமாகக் கொழுப்புத் திசுவில் சேர்த்துவைக்கும். உள்ளே குடியிருக்கும் பிளாட்டாபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் தேவைப்படும்போது அதை அமினோ அமிலமாக மாற்றித் தரும். புரதத்தை அள்ளிக் கொட்டினால் அந்தச் சேமிப்பு பெருகும். அந்தப் பூச்சியை நாள்தோறும் தின்னும் பல்லிக்குச் சிறுநீரகச் சுமையும் யூரிக் அமில நோயும் வரக்கூடும்.

என்ன கொடுத்தாலும் கரப்பானில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். பெரும்பாலான தீவனப் பூச்சிகளுக்கும் இதே குறைதான். எனவே, கொடுக்கப்போகும் பூச்சியை 24 முதல் 48 மணி நேரம் தனியே வைத்துக் கீரையும் கால்சியம் சேர்த்த தீனியும் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். பிறகு கால்சியம் தூளில் பிரட்டி, அப்போதே கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பூச்சி தன் உடலைத் தானே துடைத்துத் தூளை உதிர்த்துவிடும். பூச்சியின் அளவு, பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. தின்னாமல் விட்டதைக் கூண்டில் விட்டுவைக்காமல் எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் டாரன்டுலா சிலந்தியைப் பசித்த கரப்பான் கடித்துவிடும்.

கோளாறு எங்கே என்று பெட்டியே காட்டிக்கொடுக்கும். தரையில் மஞ்சள் நிற முட்டைப்பை கிடந்தால் டூபியா கருவை உதிர்த்திருக்கிறது. வறட்சியோ, சூடு மிகுந்ததோ, பெட்டியை அடிக்கடி கலைத்ததோ காரணம். புதிதாக வாங்கிவந்த வாரத்தில் ஒன்றிரண்டு விழுந்தால் கவலை வேண்டாம். தோலுரிக்கும்போது பாதியில் சிக்கிச் சாவது ஈரக்குறைவு. ஆண்களின் சிறகு கந்தலாக இருந்தால் நெரிசல், அல்லது தீனியும் நீரும் போதவில்லை. குஞ்சே தென்படவில்லை என்றால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். நாற்றம் என்பது கரப்பானின் இயல்பு அல்ல. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் எச்சம் ஈரமாகிவிட்டது என்று பொருள். காற்றோட்டத்தைக் கூட்டி, பழத்துண்டைக் குறைக்க வேண்டும். மாவு தூவியது போல நகரும் உண்ணிப்படலம் தெரிந்தாலும் மருந்து இதேதான்: ஈரத்தீனியை நிறுத்திப் பெட்டியைக் காயவிட்டால் உண்ணி ஒழிந்துவிடும், கரப்பான் தாங்கிக்கொள்ளும். பூச்சிமருந்து தெளித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். உடல் வெள்ளையாக ஒரு பூச்சி தெரிந்தால் நோய் என்று தூக்கி எறியாதீர்கள், அப்போதுதான் தோலுரித்திருக்கிறது. சில மணி நேரத்தில் நிறம் வந்துவிடும்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒவ்வாமை. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். இது மருத்துவ உலகில் நெடுநாளாக அறிந்த உண்மை. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் எந்த இனமும் வேண்டாம், வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களும் பெட்டியைக் கழுவும்போது என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். அறைக்குள் அல்லாமல் வெளிக்காற்றில் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வது 2, 3 மாதத்துக்கு ஒருமுறை போதும். எச்சம் முழுவதையும் துடைத்தெடுக்காதீர்கள். பிறந்த குஞ்சு பெரியவற்றின் எச்சத்தைத் தின்றுதான் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெறுகிறது. ஒரு கைப்பிடி விட்டுவையுங்கள். அள்ளிய எச்சத்தைச் சலித்து, குஞ்சுகளைப் பிரித்துப் பெட்டியில் விட்டபின், மீதியை இறுகக் கட்டிய பையில் போட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். சல்லடையில் தப்பிய குஞ்சும் முட்டைப்பையும் அதில் செத்துவிடும். பழைய முட்டை அட்டைகளுக்கும் இதே முறைதான். வளர்ப்பைக் கைவிட நேர்ந்தாலும் கூட்டத்தை வெளியே திறந்துவிடாமல் இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள், இல்லையேல் உறையவைத்து முடியுங்கள். எச்சம் செடிக்கு நல்ல உரம்தான். உறையவைத்த பிறகே மண்ணில் போடுங்கள்.

இக்கடிதத்தை அதே பக்கத்தில் வெளியிட்டால், கட்டுரையைப் படித்துவிட்டு எந்த இனம் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு வாங்கும் முன்பே போய்ச் சேரும்.

இப்படிக்கு,
பூச்சியுண்ணிச் செல்லப்பிராணிகள் வளர்க்கும் வாசகர்கள்